யந்திர ஆமை செய்த விஞ்ஞானி

மூளையை ஆராய்ந்த கிரே வால்டரின் வாழ்க்கை

ஓர் ஆமை. அதற்கு உயிர் கிடையாது, ரத்தம் கிடையாது. ஆனாலும் அது தானாக நகரும். வெளிச்சத்தைத் தேடிப் போகும். வழியில் நாற்காலி குறுக்கிட்டால் முட்டிப் பார்த்து, விலகிச் செல்லும். பசி எடுத்தால் கூண்டுக்குத் திரும்பும்!

யந்திரத்துக்குப் பசியா என்று கேட்பீர்கள். பேட்டரியில் மின்சாரம் குறைவதுதான் அதன் பசி!

இந்த அதிசய ஆமையைச் செய்தவர் கிரே வால்டர். யாரும் ஓட்டாமல் தானே வழி கண்டு ஓடும் யந்திரங்களுக்கு அவருடைய ஆமைகள்தான் முன்னோடி.

கிடைக்காத பதவி

கிரே வால்டர் 1910-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் பிறந்தார். தந்தை பத்திரிகையாளர். வால்டர் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். நரம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தார். அங்கேயே ஆராய்ச்சியாளராக இருக்க ஆசைப்பட்டார். ஆனால் பதவி கிடைக்கவில்லை.

அவர் சோர்ந்து விடவில்லை. லண்டனில் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்தார். அதுவே அவருடைய வாழ்க்கையின் திருப்பமாக அமைந்தது.

மூளையில் மின்சாரம்

மனித மூளையில் மிகச் சிறிய அளவில் மின்சார அலைகள் ஓடுகின்றன. மண்டை ஓட்டைத் திறக்காமல், தலையின் மேல் கம்பி வைத்தே அவற்றைப் பதிவு செய்யலாம். இதை 1929-ம் ஆண்டில் உலகுக்குச் சொன்னவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர். முதலில் பலர் அதை நம்பவில்லை. வால்டர் ஜெர்மனிக்கே சென்று பெர்கரைப் பார்த்தார். திரும்பி வந்து, அதைவிட நல்ல கருவிகளைச் செய்தார்.

மூளையில் கட்டி இருந்தால் அதைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து மெதுவான அலைகள் வருகின்றன என்று கண்டார். அந்த அலைகள் எங்கே பலமாக இருக்கின்றன என்று பார்த்து, கட்டி இருக்கும் இடத்தைச் சொன்னார். இது நடந்தது 1936-ம் ஆண்டில். கத்தி எடுக்கும் முன்பே இடம் தெரிவது டாக்டர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

1939-ல் பிரிஸ்டல் நகரில் உள்ள பர்டன் நரம்பியல் நிலையத்தில் சேர்ந்தார். சுமார் 30 ஆண்டுகள் அதுவே அவருடைய ஆராய்ச்சிக்கூடம்.

ஆமை பிறந்தது

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் உள்ளன. அந்த எண்ணிக்கையால்தான் நமக்கு அறிவு வந்ததா? அல்லது அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் முறையால் வந்ததா? இதுதான் வால்டரின் மனத்தைக் குடைந்த கேள்வி.

விடை காண ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டே இரண்டு நரம்பு அணுக்கள் கொண்ட ஒரு பிராணியைச் செய்து பார்த்தால் என்ன?

1948, 1949-ம் ஆண்டுகளில் இரண்டு ஆமைகளைச் செய்தார். ஒன்றின் பெயர் எல்மர், மற்றொன்று எல்சி. நரம்பு அணுக்களுக்குப் பதில் இரண்டு ரேடியோ வால்வுகள். கண்ணுக்குப் பதில் ஒளி பட்டால் வேலை செய்யும் ஒரு சிறு கருவி. மூன்று சக்கரங்கள், இரண்டு மோட்டார்கள், ஒரு பேட்டரி. மேலே ஓர் ஓடு. அவ்வளவுதான்!

இருட்டில் ஆமையின் கண் சுற்றிச் சுற்றித் தேடும். வெளிச்சம் கண்டால் அதை நோக்கி நகரும். வெளிச்சம் மிக அதிகமானால் விலகி ஓடும். ஆனால் பேட்டரி இறங்கிவிட்டால் அந்தப் பயம் போய்விடும். கூண்டில் எரியும் பிரகாசமான விளக்கை நோக்கிப் போய், உள்ளே புகுந்து, மின்சாரம் ஏற்றிக்கொள்ளும்!

கண்ணாடி முன் நடனம்

ஆமையின் முன்புறம் ஒரு சிறு விளக்கு உண்டு. தேடும்போது அது எரியும். வெளிச்சத்தைக் கண்டவுடன் அணைந்துவிடும். ஒரு நாள் ஆமையைக் கண்ணாடிக்கு முன்னால் விட்டார் வால்டர்.

கண்ணாடியில் ஆமை தன் விளக்கையே கண்டது. உடனே விளக்கு அணைந்தது. வெளிச்சம் மறைந்ததால் மறுபடி தேடியது. மறுபடி விளக்கு எரிந்தது. இப்படியே மினுக்கி மினுக்கி, அசைந்து அசைந்து, நடனமே ஆடியது!

ஆட்டத்தை யாரும் அதற்குக் கற்றுத் தரவில்லை. எளிய பாகங்களும் சரியாக இணைந்தால் எதிர்பாராத செயல்களைச் செய்யும் என்பதை வால்டர் கண்டார். அவருடைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. 1951-ல் பிரிட்டன் விழாவில் லண்டன் மக்கள் இத்தகைய ஆமைகளைப் பார்த்தார்கள்.

1964-ல் மற்றொரு பெரிய கண்டுபிடிப்பை வெளியிட்டார். ஒரு செயலுக்காக மனிதன் காத்திருக்கும்போது, அது நடக்கும் முன்பே மூளையில் ஒரு தனி அலை எழுகிறது. எதிர்பார்ப்பின் அலை அது!

விதியின் விளையாட்டு

1970-ம் ஆண்டு. வால்டர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். கட்டுக்கடங்காமல் ஓடிவந்த குதிரை ஒன்று குறுக்கிட்டது. விபத்தில் தலையில் பலத்த அடி. ஒரு கண்ணின் பார்வை போயிற்று. மூளையும் சேதமடைந்தது.

எத்தனையோ பேருடைய மூளை நோயைக் கண்டு சொன்னவர், தம் மூளையிலேயே அடிபட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் பழைய வேகமும் கூர்மையும் திரும்பவில்லை. 1977-ம் ஆண்டு மே 6-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 67.

அவர் போட்ட விதை வீண் போகவில்லை. மூளையைப் பற்றி அவர் எழுதி 1953-ல் வெளிவந்த புத்தகத்தை, ஆஸ்திரேலியாவில் ஒரு சிறுவன் படித்தான். அதைப் பார்த்துத் தானும் ஒரு யந்திரப் பிராணி செய்தான். அவன் பெயர் ராட்னி புரூக்ஸ். பின்னாளில் அமெரிக்காவில் புகழ்பெற்ற ரோபோ பேராசிரியரானார். அவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி 2002-ல், வீட்டுத் தரையைத் தானே சுத்தம் செய்யும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அந்த வகை ரோபோக்களில் பல, பேட்டரி இறங்கியதும் தங்கள் இடத்தைத் தேடிப் போய் மின்சாரம் ஏற்றிக்கொள்கின்றன. இரண்டு வால்வுகளைக் கொண்டு எல்சி ஆமை 1949-லேயே செய்து காட்டிய வேலை அது!