வார்சாவிலிருந்து பாரிசுக்கு

ரேடியம் கண்டவர், இருமுறை நோபல் பரிசு பெற்றவர் என்று கியூரி அம்மையாரைப் பள்ளி நாளிலேயே நாம் அறிவோம். அவர் பிறந்த நாட்டை விட்டு வந்து வேற்று நாட்டில் வாழ்ந்தவர் என்பது மட்டும் பாடநூலில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

1867இல் வார்சா நகரில் ஓர் ஆசிரியர் வீட்டில் பிறந்தார். இயற்பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. போலந்தின் அப்பகுதி அன்று ருஷியாவின் ஜார் மன்னன் ஆட்சியில் இருந்தது. வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு தாய்மொழியில் தாய்நாட்டு வரலாற்றைக் கற்பிப்பார்கள். மேலதிகாரி வருகிறார் என்று மணி ஒலித்ததும் மாணவிகள் புத்தகங்களை மறைத்துவிட்டுத் தையல் துணியைக் கையில் எடுப்பர். அதிகாரியின் கேள்விகளுக்கு ருஷிய மொழியில் விடை கூற எழுந்து நிற்பவர் சிறுமி மரியா! சொந்த மொழியை ஒளித்துவைத்துப் படிப்பதைவிடக் கொடுமை வேறு உண்டோ?

வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அக்காள் புரோனியா பாரிசில் மருத்துவம் பயில, மரியா வீட்டாசிரியையாக வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். அக்காள் படித்து முடித்துத் தங்கையை அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. இது நமக்குப் புதிதன்று. என் அக்காள் பீடி சுற்றும் கூலியில்தான் நான் புத்தகம் வாங்குகிறேன்.

1891இல் பாரிஸ் வந்தார். அங்கே தெருவில் எவரும் எந்த மொழியும் பேசலாம். புத்தகக் கடையில் எந்த நூலும் கிடைத்தது. சர்போன் பல்கலைக்கழகத்தின் கதவு பெண்ணுக்கும் திறந்திருந்தது. ஆனால் வார்சாவில் தந்தையும் உடன்பிறந்தோரும் சூழ்ந்திருந்த வீடு எங்கே, பாரிசில் மாடி உச்சியில் தன்னந்தனியான சிற்றறை எங்கே! கரியைத் தாமே மேலே சுமந்தார். குளிர்காலத்தில் அறையிலிருந்த தண்ணீர் உறைந்தது. இருந்த துணியெல்லாம் போர்த்திப் படுத்தார். ரொட்டியும் தேநீருமே பல நாள் உணவு. ஒருநாள் மயங்கியும் விழுந்தார்.

தெரியும் என்று நம்பி வந்த பிரெஞ்சு மொழி, பேராசிரியர்கள் விரைந்து பேசியபோது பிடிபடவில்லை. தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் முதன்முதல் அமர்ந்த நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனினும் 1893இல் இயற்பியல் தேர்வில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு கணிதத்தில் இரண்டாமிடம். தமக்குக் கிடைத்த உதவித்தொகையை, சம்பாதிக்கத் தொடங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதுபோல் வேறெவரும் செய்ததாக நான் படித்ததில்லை.

படித்து முடித்து ஊர் திரும்பவே எண்ணினார். கிராக்கோ நகரில் வேலை கேட்டபோது, பெண் என்று மறுத்துவிட்டார்கள். மீண்டும் பாரிஸ், 1895இல் பியரி கியூரியுடன் திருமணம். 1898இல் இருவரும் கண்ட புதிய தனிமத்திற்குப் பொலோனியம் என்று பெயரிட்டனர். உலகப் படத்திலேயே இல்லாத நாட்டின் பெயர் தனிம அட்டவணையில் ஏறியது!

பிரான்சும் அவரை எப்போதும் தன் மகளாகக் கருதவில்லை. 1911இல் அறிவியல் கழகத் தேர்தலில் அவர் மிகச் சில வாக்குகளில் தோற்றார்; அந்நியப் பெண் என்று சில ஏடுகள் தூற்றின. அதே ஆண்டு இறுதியில் இரண்டாம் நோபல் பரிசு வந்தது. அவரோ இரு மகள்களுக்கும் போலிஷ் மொழி கற்பித்தார். 1932இல் வார்சாவில் ரேடியம் நிலையம் திறக்கப்பட்டபோது நேரில் சென்றார்.

1934இல் பிரான்சில் மறைந்தார். அடக்கத்தின்போது அண்ணனும் அக்காளும் போலந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணைக் குழியில் இட்டனர்.