காவலூருக்கு இடம் பார்த்த வைணு பாப்பு

பெங்களூரிலிருந்து சென்னை மார்க்கத்தில் ஊர் போகிறவர்களுக்கு ஜோலார்பேட்டையும் வாணியம்பாடியும் தெரியாத ஸ்டேஷன்கள் அல்ல. ஜோலார்பேட்டை தாண்டியதும் வலப்பக்கம் தெரிவது ஏலகிரி. அதற்கும் கிழக்கே நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. அந்த மலையில், ஆலங்காயத்துக்கு அப்பால், காட்டு மரங்களுக்கு நடுவே இருக்கிறது காவலூர் என்ற சிற்றூர். 1986 முதல் முப்பது ஆண்டு காலம் இந்தியாவிலேயே மிகப் பெரிய டெலஸ்கோப் என்ற பெருமை அங்குள்ள டெலஸ்கோப்புக்கு இருந்தது. அந்த இடம்தான் சரி என்று தீர்மானித்தவர் டாக்டர் வைணு பாப்பு. ஆனால் அந்தப் பெரிய டெலஸ்கோப் வழியாக ஒரு நட்சத்திரத்தையேனும் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வால்நட்சத்திரம் கண்ட மாணவர்

எம்.கே. வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்துத் தலச்சேரி. தந்தையார் வேலை பார்த்ததோ ஹைதராபாத்தில், நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில். பூர்வீகம் ஓர் ஊர், பிறந்தது ஓர் ஊர், வளர்ந்தது வேறோர் ஊர் என்ற நிலை நம் வாசகர்களில் பலருக்கும் பழக்கமானதுதான். தந்தையின் வேலை காரணமாகச் சிறு வயதிலேயே பாப்புவுக்கு டெலஸ்கோப் பழக்கமாயிற்று. நிஜாம் கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை இரவில் விழித்திருந்து கவனித்து, அதைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதினார்.

பிறகு ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். போன சில மாதங்களுக்குள், 1949 ஜூலை 2ஆம் தேதி எடுத்த வானப் படம் ஒன்றில் அதுவரை யாரும் அறியாத ஒரு வால்நட்சத்திரம் இருப்பதைக் கண்டார். ஆசிரியர் பார்ட் பாக், சக மாணவர் நியூகிர்க் ஆகியோருடன் சேர்த்து அதற்கு பாப்பு-பாக்-நியூகிர்க் என்று பெயர் வைத்தார்கள். பசிபிக் வானியல் கழகம் டோனஹோ பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு கூட நிரம்பவில்லை.

1952இல் டாக்டர் பட்டம் பெற்ற பின் கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன், பாலமர் வானாராய்ச்சி நிலையங்களில் வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. பாலமரில் இருந்த 200 அங்குல டெலஸ்கோப் அந்நாளில் உலகத்திலேயே பெரியது. அங்கே ஆலின் வில்சன் என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சி 1957இல் வெளியாயிற்று. சில வகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கால்சியத்தால் உண்டாகும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் அகலத்தை அளந்தால் நட்சத்திரத்தின் உண்மையான ஒளி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அதைக் கொண்டு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் கணக்கிடலாம். இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கலிபோர்னியாவில் அவருக்குக் கிடைத்த இன்னொரு பாடமும் உண்டு. மவுண்ட் வில்சன் ஒரு காலத்தில் அருமையான இடமாக இருந்தது. அடிவாரத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வளர்ந்து, அதன் விளக்கு வெளிச்சம் வானத்தில் ஏறிவிட்டது. ஆகவே 200 அங்குல டெலஸ்கோப்புக்கு 1934இல் தொலைவில் உள்ள பாலமர் மலையைப் பிடித்தார்கள். டெலஸ்கோப்பை எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் வைக்கும் இடம் சரியில்லை என்றால் செலவழித்த பணம் வீண். இன்றைக்கு நன்றாக உள்ள இடம் ஐம்பது வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதையும் யோசித்தாக வேண்டும்.

கொடைக்கானலில் மேகம்

வெளிநாட்டிலேயே இருந்திருந்தால் உலகின் பெரிய டெலஸ்கோப்புகள் அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் 1953இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அப்போது இங்கே நட்சத்திர ஆராய்ச்சிக்கு ஏற்ற பெரிய டெலஸ்கோப் ஏதும் இல்லை. உத்தரப் பிரதேச அரசு வாரணாசியில் புதிதாகத் தொடங்கியிருந்த வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பு 1954இல் அவரிடம் வந்தது. சமவெளியில் தூசும் புகைமூட்டமும் அதிகம். அதனால் நிலையம் நைனிடால் மலைக்கு மாறியது. அதை அடுத்த மனோரா சிகரத்தில் நிரந்தரமான இடமும் தேர்வாயிற்று. இடம் பார்க்கும் வேலையில் பாப்புவுக்கு அது முதல் அனுபவம்.

1960இல் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக வந்தார். வயது முப்பத்துமூன்று. வெள்ளைக்காரர் காலத்தில் 1899இல் ஏற்பட்ட நிலையம் அது. சூரிய ஆராய்ச்சிக்கு உலகப் பெயர் பெற்றது. ஆனால் சூரியனைப் பார்க்கத் தோதான இடமெல்லாம் நட்சத்திரம் பார்க்கவும் தோதாகிவிடாது. சூரியனுக்குக் காலையில் சில மணி நேரம் வானம் தெளிந்திருந்தால் போதும். நட்சத்திரத்துக்கோ இரவு முழுவதும் தெளிவு வேண்டும். கொடைக்கானலிலோ இரண்டு பருவ மழையும் மேகத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே தென்னிந்தியாவில் வேறு இடம் தேடும் வேலையை பாப்பு தொடங்கினார்.

இடம் பார்ப்பது எப்படி?

வீடு கட்ட மனை பார்க்கிறவர்கள் தண்ணீர், வழி, அக்கம்பக்கம் எல்லாம் விசாரிப்பதுபோல டெலஸ்கோப்புக்கும் விசாரிக்க வேண்டியவை பல. முதலாவது, வருஷத்தில் எத்தனை இரவுகள் மேகமில்லாமல் இருக்கும் என்பது. இரண்டாவது இருட்டு, பக்கத்தில் பெரிய ஊர் இருக்கக் கூடாது. மூன்றாவது, காற்று அசையாமல் இருக்க வேண்டும். நட்சத்திரம் மின்னுவது நமக்கு அழகு. ஆராய்ச்சிக்கு அதுவே இடைஞ்சல். சூடும் குளிரும் கலந்த காற்று மேலே நெளிவதால்தான் அது மின்னுகிறது. டெலஸ்கோப்பில் பார்த்தால் புள்ளியாகத் தெரிய வேண்டியது கலங்கிப்போய்த் தெரியும். மரங்கள் அடர்ந்த இடத்தில் தரை பகலில் அவ்வளவு சூடேறாது என்பதால் காடு இந்த விஷயத்தில் உதவி செய்கிறது.

நான்காவது, எந்த வானம் தெரிகிறது என்பது. வடக்கே போகப் போகத் தெற்கு வானம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். நைனிடாலில் தெரியாத தென்திசை நட்சத்திரக் கூட்டங்கள், பூமத்திய ரேகைக்கு 12½ டிகிரி வடக்கே உள்ள காவலூரில் தெரியும். தென் துருவத்தை ஒட்டிய சிறு பகுதி மட்டுமே அங்கிருந்து மறைந்திருக்கும். தவிர, ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையில் உள்ள பெரும் பரப்பில், தெற்கு வானத்தைப் பார்க்கும் டெலஸ்கோப்புகள் அந்நாளில் மிகவும் குறைவு. அந்தப் பக்கம் பொழுது விடிந்துவிட்டால் இந்தப் பக்கம் இருட்டில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

கடைசியாக, ஆட்கள் போய்வரச் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும். கருவி பழுதானால் பட்டறை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர்தான். அதைவிட உயரமான மலைகள் நாட்டில் எத்தனையோ உண்டு. ஆனாலும் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது பாப்புவின் தேர்வு காவலூராக இருந்தது. சுமார் 100 ஏக்கர் காட்டு நிலத்தில் நிலையம் உருவாயிற்று.

சிறிதிலிருந்து பெரிதுக்கு

1968இல் அங்கே முதலில் வைத்தது 38 செ.மீ. டெலஸ்கோப் ஒன்றுதான். அது கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து வந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப் வேலை செய்யத் தொடங்கியது. இடையில் 1971இல் கொடைக்கானல் நிலையம் இந்திய வான் இயற்பியல் நிலையம் என்ற தன்னாட்சி அமைப்பாக மாறியது. அதன் முதல் இயக்குநர் பாப்பு. பெங்களூர் கோரமங்கலாவில் அதன் தலைமை அலுவலகம் அமைந்தது.

தேர்ந்தெடுத்த இடம் சரிதான் என்பதற்கு 1977 மார்ச் 10ஆம் தேதி ஒரு சான்று கிடைத்தது. அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போக இருந்தது. இந்தக் காட்சி இந்து மகாசமுத்திரத்தைச் சூழ்ந்த பகுதிகளில்தான் தெரியும். அமெரிக்கர்கள் இதற்காக விமானத்தில் டெலஸ்கோப் வைத்துக் கடல்மேல் பறந்தார்கள். காவலூரில் இருந்தவர்களோ தங்கள் இடத்திலிருந்தே பார்த்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்பாகவே நட்சத்திரத்தின் ஒளி மங்கியது காவலூரிலும் பதிவாயிற்று. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது உலகுக்குத் தெரிந்தது அன்றுதான்.

பாப்பு அதோடு நிற்கவில்லை. 2.34 மீட்டர், அதாவது சுமார் 92 அங்குலக் கண்ணாடி கொண்ட டெலஸ்கோப்பை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று துணிந்தார். விலைக்கு வாங்கினால் கருவி சீக்கிரம் வந்துவிடும். தொழில் வராது என்பதுதான் விஷயம். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில் அவருடைய நிலையத்திலேயே நடந்தது. இரும்பு வேலைகளை மகாராஷ்டிரத்து வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. வருஷங்கள் ஓடின. 1979இல் உலக வானியல் சங்கத்தின் தலைவராக பாப்பு தேர்வானார். இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. 1981இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது.

1982 ஆகஸ்டில் அந்தச் சங்கத்தின் மாநாடு கிரேக்க நாட்டில் பாத்ராஸ் நகரில் நடந்துகொண்டிருந்தது. தலைவரால் போக முடியவில்லை. இருதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியில் மூனிக் நகரில் இருந்தார். ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஒன்பதே நாளில், ஆகஸ்ட் 19ஆம் தேதி அங்கே காலமானார். பெரிய டெலஸ்கோப் அப்போது முடிந்திருக்கவில்லை.

அவரோடு வேலை செய்தவர்கள் அதை நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தார். டெலஸ்கோப்புக்கும் காவலூர் நிலையத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. 1988இல் அதே நிலையத்தில் கண்டுபிடித்த ஒரு சிறு கிரகத்துக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைத்தார்கள்.

இன்றைய நிலை

காவலூரில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. மழைக்கால மேகம் வருஷத்தில் பல இரவுகளைக் கெடுத்துவிடும். 2000ஆம் ஆண்டில் லடாக்கில், ஹான்லே என்ற இடத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. அதை பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டையில் உட்கார்ந்துகொண்டே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். 2016இல் நைனிடால் அருகே தேவஸ்தலத்தில் 3.6 மீட்டர் டெலஸ்கோப் வேலைக்கு வந்தது. அத்தகைய உயரமான, ஆளில்லாத இடத்தை நம்பி 1968இல் இறங்க முடியாது. அன்றைக்கு ஆள் அங்கேயே இருந்து இரவெல்லாம் விழித்துத்தான் பார்க்க வேண்டும். கையில் இருந்த வசதியைக் கொண்டு செய்யக்கூடியதை பாப்பு செய்தார். அந்தக் காட்டில் பழகிய கைகளும் பெங்களூரில் கண்ணாடி தேய்த்துப் பழகிய கைகளும் இல்லாமல் பின்னால் வந்தவை வந்திருக்குமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. பாப்பு பார்க்காமலே போனவர். ஆனால் அவர் விட்டுச்சென்ற இருட்டை இனிக் காப்பாற்ற வேண்டியவர்கள், சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். ஊர்கள் வளர வளர விளக்குகளும் பெருகும். அதைத் தவறென்று சொல்ல முடியாது. தெருவிளக்குக்கு மேலே மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் தெருவும் நன்றாகத் தெரியும், மலைமேல் நட்சத்திரமும் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் வீடு கட்டுகிற நம்மவர்கள் மாடி விளக்கை மாட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.