அறிவியல் படிப்புக்கு அண்ணல் கேட்ட 3 லட்சம்

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-ல் அமெரிக்கா சென்று படித்தவர் டாக்டர் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரத்தில் முனைவர் பட்டங்கள் பெற்றார். அந்த வாய்ப்பு தன்னோடு நின்றுவிடக் கூடாது என்று நினைத்தார்.

1942-ல் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அரசிடம் மனு கொடுத்தார். கலையும் சட்டமும் படித்தால் மட்டும் நம் மக்கள் முன்னேற முடியாது. அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும். அந்தச் செலவைக் கூலிக் குடும்பம் தாங்காது, அரசே ஏற்க வேண்டும் என்று வாதாடினார். உள்நாட்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 2 லட்சம், வெளிநாட்டுப் படிப்புக்கு 1 லட்சம் ரூபாய் கேட்டார். 1944-ல் பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகை தொடங்கியது.

தாமோதர் நதித் திட்டத்துக்கு அடித்தளமிட்டதும் அவர் துறைதான். மலிவான மின்சாரம் இருந்தால்தான் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால்தான் வறுமை தீரும் என்பது அவர் கணக்கு.

1956 டிசம்பர் 6-ல் மறைந்தார். அவர் கேட்டு வாங்கிய உதவித்தொகை, 10-ம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான உதவித்தொகையாக இன்றும் தொடர்கிறது. ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குள் துப்புரவுப் பணிக்கு மட்டுமல்ல, இயந்திரத்தை இயக்கவும் வடிவமைக்கவும் நம் பிள்ளைகள் போக வேண்டும். ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, தவறாமல் விண்ணப்பியுங்கள்.