கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

ஏழை ஓவியரின் மகன் பிலிப் காஸ் கண்ட வெற்றியும் வேதனையும்

தங்க மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு. ஆனால் உப்பு நீர்த் தொட்டி என்றதும் பலரும் தயங்குகிறார்கள். பவளமும் கடல் சாமந்தியும் வாழ வேண்டுமானால் பம்பு வேண்டும், விசேஷ விளக்கு வேண்டும், உப்புக் கலவை வேண்டும் என்று கடைக்காரர் பட்டியல் போடுகிறார். அதைக் கேட்டதும், இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கலையைச் சாதாரணக் குடும்பங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பணக்காரர் அல்ல. ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மலிவான மீனைத் தின்று பசியாறியவர். மின்சாரமும் பம்பும் இல்லாத நாளில் அவர் கடலின் ஒரு துளியைக் கண்ணாடிக்குள் வாழ வைத்தார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் ‘அக்வேரியம்’ என்ற பெயர் நிலைத்ததும் அவருடைய புத்தகத்தினால்தான். அவர் பெயர் பிலிப் ஹென்றி காஸ்.

துறைமுகத்துச் சிறுவன்

காஸ் 1810-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி இங்கிலாந்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். தகப்பனார் ஊர் ஊராகச் சென்று சிறு உருவப் படங்கள் வரைந்து பிழைத்தவர். வருமானம் நிலையில்லாதது. குடும்பம் பூல் என்னும் துறைமுக ஊரில் குடியேறியது. தகப்பனாரிடமிருந்து பையனுக்குக் கிடைத்த சொத்து, நுணுக்கமாக வரையும் கை ஒன்றுதான்.

பூலில் அவருக்கு ஓர் அத்தை இருந்தார். இயற்கையில் ஆர்வம் மிக்க அந்த அம்மாள், கடல் சாமந்திகளைப் பாத்திரத்தில் கடல் நீர் ஊற்றி உயிரோடு வைத்துப் பார்க்கும்படி பையனுக்கு யோசனை சொன்னார். அந்த விதை முளைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பதினேழாம் வயதில், 1827-ல், காஸ் கடல் கடந்து நியூபவுண்ட்லாந்து தீவுக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகப் போனார். அங்கே 1832-ல் மைக்ராஸ்கோப்பைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாங்கினார். அதிலிருந்து பூச்சிகளைத் தேடுவதும் வரைவதும் அவருடைய ஓய்வு நேர வேலையாகிவிட்டன. 1835-ல் கனடாவுக்குச் சென்று விவசாயம் செய்து பார்த்தார். கைகூடவில்லை. 1838-ல் அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் சில மாதம் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1839-ல் ஏறக்குறைய வெறுங்கையோடு இங்கிலாந்து திரும்பினார். கனடாவின் இயற்கையைப் பற்றி எழுதிய கைப்பிரதி ஒன்றுதான் பெட்டியில் இருந்தது.

லண்டனில் வேலை தேடி அலைந்த அந்த நாட்களில், ஹெர்ரிங் என்னும் மீன் ஒன்றை வாங்கி, மெல்ல மெல்லத் தின்று ஒரு நாளைக் கழிப்பார். உறவினரான விலங்கியல் அறிஞர் தாமஸ் பெல் உதவியால் கைப்பிரதி வான் வூர்ஸ்ட் என்ற பதிப்பாளரிடம் போயிற்று. நூறு கினி தருவதாகப் பதிப்பாளர் சொன்னதும், முப்பது வயதை எட்டிய அந்த மனிதர் அடக்க முடியாமல் அழுதுவிட்டார். 1840-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. பிறகு ஜமைக்காத் தீவில் ஒன்றரை ஆண்டு தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். 1848-ல் எமிலி போஸ் என்ற பெண்மணியை மணந்தார். அடுத்த ஆண்டில் எட்மண்ட் என்ற மகன் பிறந்தான்.

நீர் ஏன் கெடுகிறது?

கடல் பிராணிகளைக் கரையிலிருந்து கொண்டு வருவது கடினமல்ல. அவற்றைப் பிழைக்க வைப்பதுதான் கடினம். ஜாடியில் விட்ட சில நாட்களில் நீர் கலங்கும், நாறும், உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாகச் சாகும். தினமும் புதிய கடல் நீர் மாற்றலாம். ஆனால் கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ளவர் என்ன செய்வார்?

1846-ல் டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவளப் பிராணிகளை லண்டனுக்குக் கொண்டு வந்தார், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துப் பாதிரியார் ஒருவரின் மனைவியான அன்னா தின். ஊசி நூலால் அவற்றை ஒரு கடற்பஞ்சில் தைத்து, வழியில் புரளாதபடி பார்த்துக்கொண்டார். வீட்டில் பணிப்பெண் ஒருத்தி திறந்த ஜன்னல் அருகே நின்று, கடல் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். நீரில் காற்றுக் கலக்கத்தான் அந்தப் பாடு. மறு ஆண்டில் அந்த அம்மாள் கடற்பாசிகளையும் வரவழைத்து உள்ளே வைத்தார். பவளங்கள் பல்கிப் பெருகின.

1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர், நல்ல நீர்த் தொட்டியில் செய்த சோதனையின் விவரத்தை வெளியிட்டார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது. வெளிச்சம் படும்போது செடி பிராணவாயுவைக் கொடுக்கிறது. அழுகும் இலைகளை நத்தை தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிறது. மூன்றும் அளவோடு இருந்தால் நீர் கெடுவதில்லை. இதுவே அவர் கண்ட உண்மை.

உளியும் சுத்தியலும்

ஓயாத எழுத்து வேலையால் உடல் நலம் கெட்ட காஸ், 1852-ல் மனைவி மகனுடன் டெவன்ஷயர் கடற்கரைக்குச் சென்றார். வேலை இறங்கும் நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கிய நீரைக் குனிந்து பார்ப்பதே அவருக்கு மருந்தாயிற்று. கையில் உளி, சுத்தியல், ஜாடி, கூடை.

கடற்பாசியைப் பிய்த்துக்கொண்டு வந்தால் அது அழுகிவிடும். ஆகவே அது ஒட்டியிருக்கும் பாறைத் துண்டோடு பெயர்த்தெடுத்தார். எல்லாப் பாசியும் உதவாது என்பதையும் அனுபவத்தில் அறிந்தார். பழுப்பு நிறப் பெரும் பாசிகள் தொட்டியில் சீக்கிரம் கெட்டு நீரையும் கெடுத்தன. கீரை இலைபோல் மெல்லியதாக விரியும் பச்சைப் பாசியே நன்றாகப் பிழைத்தது. வெயில் பட்டதும் அதன்மேல் பிராணவாயுக் குமிழிகள் முத்துப்போல் தோன்றின. பணிப்பெண் ஜன்னலருகே நின்று செய்த வேலையை, ஒரு பைசாக் கூலி வாங்காமல் அந்தப் பாசி செய்தது!

இந்த அனுபவங்கள் 1853-ல் டெவன்ஷயர் கடற்கரையைப் பற்றிய புத்தகமாக வந்தன. அதே ஆண்டு லண்டன் மிருகக்காட்சி சாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸும் ஒருவர். 1854-ல் ‘தி அக்வேரியம்’ என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது. தகப்பனாரிடம் கற்ற கை அதில் வண்ணப் படங்களாக ஜொலித்தது.

காலமும் கைகொடுத்தது. கண்ணாடி மீதான வரியை இங்கிலாந்து 1845-ல் நீக்கியிருந்தது, கண்ணாடி மலிந்தது. ரயில்கள் சாதாரண ஜனங்களையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றன.

சமையல் உப்பில் பிறந்த கடல்

இருந்தாலும் ஒரு தடை பாக்கியிருந்தது. உள்நாட்டு ஊர்க்காரருக்குக் கடல் நீர் எங்கே கிடைக்கும்? பீப்பாயில் வரவழைத்தால் செலவு. ரசாயன அறிஞர்கள் கடல் நீரைப் பகுத்துக் கண்ட அளவுகளைப் பார்த்து, காஸ் 1854-ல் தாமே ஒரு கலவை தயாரித்தார்.

சாதாரண உப்பு மூன்றரை அவுன்ஸ். பேதி உப்பு என்னும் எப்சம் உப்பு கால் அவுன்ஸ். மக்னீஷியம் குளோரைடு 200 கிரெய்ன். பொட்டாஷியம் குளோரைடு 40 கிரெய்ன். இன்றைய கணக்கில் முறையே சுமார் 100 கிராம், 7 கிராம், 13 கிராம், இரண்டரை கிராம். இவற்றை ஒரு காலனுக்குச் சற்றுக் குறைந்த நீரில், அதாவது சுமார் நாலரை லிட்டரில், கரைத்தார். எல்லாம் மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பவை.

கலவை தயாரானதும் அவர் பிராணிகளை உள்ளே விட்டுவிடவில்லை. அடியில் கழுவிய கூழாங்கற்களைப் பரப்பி, பச்சைப் பாசி முளைத்த கல் ஓரிரண்டை வைத்துக் காத்திருந்தார். ஒரு வாரம் கழித்தே கடல் சாமந்தி முதலிய உயிர்களை விட்டார். அவை பிழைத்தன.

அந்தக் காத்திருப்பில் எவ்வளவு பொருள் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. பிராணிகளின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு பிறக்கிறது. கல்லிலும் மணலிலும் குடியேறும் நுண்கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தக் கிருமிகள் பெருகச் சில வாரங்கள் ஆகும். புதுத் தொட்டி வைப்பவர் இன்றும் முதலில் தோற்பது இந்த அவசரத்தில்தான். தொட்டியைவிட, விளக்கைவிடப் பெரிய முதலீடு பொறுமைதான். அதற்கு விலையும் இல்லை.

1855-ல் காஸ் ஆரம்பக்காரர்களுக்காகவே ஒரு கைந்நூல் எழுதினார். முதலில் பாசி, பிறகு பிராணி. பிராணிகள் கொஞ்சமாக இருக்கட்டும். கண்ணாடியில் படரும் அழுக்கை மேய இரண்டொரு கடல் நத்தைகளை விடுக. செத்ததை உடனே எடுத்துவிடுக. நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு நீர் ஊற்றாமல் நல்ல நீரையே ஊற்றுக. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கடும் வெயில் படாமல் மறைப்புச் செய்க. இந்த விதிகளில் ஒன்றுகூட இன்றைக்கும் பழுதாகவில்லை.

வெறுமையான பாறைக் குழிகள்

புத்தகங்கள் பரபரப்பாக விற்றன. வீட்டுக்கு வீடு கடல் தொட்டி வைப்பது நாகரிகமாயிற்று. லண்டனில் கடல் சாமந்திகளையும் நண்டுகளையும் விற்கும் கடை தோன்றியது. 1856-ல் ராயல் சொசைட்டி காஸை அங்கத்தினராக ஏற்றது. பள்ளிப் படிப்பை நடுவில் விட்ட குமாஸ்தாவுக்கு இது பெரிய கௌரவம்.

ஆனால் புகழோடு துன்பமும் வந்தது. 1857 பிப்ரவரியில் எமிலி புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு, பூமியின் வயதைப் பற்றிய விஞ்ஞானிகளின் முடிவையும் தம் மத நம்பிக்கையையும் இணைக்க முயன்று காஸ் எழுதிய புத்தகம் இரு தரப்பாராலும் ஒதுக்கப்பட்டது. மனமுடைந்தவர் சிறு மகனை அழைத்துக்கொண்டு டெவன்ஷயருக்கே குடிபோனார். அங்கே மீண்டும் பாறைக் குழிகளில் இறங்கி, பிரிட்டனின் கடல் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய பெரிய நூலை 1860-ல் முடித்தார். அந்த ஆண்டே எலிஸா பிரைட்வென் என்ற மாதரசியை மறுமணம் செய்துகொண்டார்.

எல்லாவற்றிலும் பெரிய வேதனை அவருடைய வெற்றியிலிருந்தே பிறந்தது. அவர் புத்தகத்தைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தார்கள். அவர் கற்றுத் தந்தபடியே உளியும் சுத்தியலும் கொண்டு பாறைகளைப் பெயர்த்தார்கள். அளவில்லாமல் அள்ளிச் சென்ற உயிர்களில் பெரும்பாலானவை பொறுமையற்றவர் கைகளில் செத்தன. யாரும் தொடாமல் யுகயுகமாகப் பூத்துக் கிடந்த குழிகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தொட்டி மோகம் 1860-களில் அடங்கிவிட்டது. குழிகளின் பழைய செழிப்போ திரும்பவில்லை. தாம் நினைத்தும் பாராத இந்த அழிவுக்குத் தம் எழுத்தே காரணமென்று காஸ் உள்ளம் வெந்தார். தகப்பனாரின் அந்தத் துயரத்தை மகன் எட்மண்ட், 1907-ல் வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ என்ற நூலில் எழுதி வைத்தார்.

காஸ் 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி டெவன்ஷயரில் காலமானார். வயது எழுபத்தெட்டு.

விட்டுச் சென்ற பாடம்

காஸ் வளர்த்தவை குளிர்ந்த கடலின் உயிர்கள். இன்று பலரும் விரும்பும் பவளப் பாறை உயிர்களுக்கு ஏறத்தாழ 25 டிகிரி வெப்பமும், நல்ல வெளிச்சமும், நீரோட்டமும் வேண்டும். பவளம் தன் கூட்டைக் கட்ட கால்ஷியமும் வேண்டும். காஸின் கலவையில் அது இல்லை. இன்றைய உப்புக் கலவைகளில் அது சேர்க்கப்படுகிறது. ஆகவே செலவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் சிக்கனத்தின் சூத்திரம் மாறவில்லை. நீரை முதலில் பக்குவப்படுத்த வேண்டும். உயிர்களைச் சிலவாக, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சாகாத பிராணிக்குப் பதில் வாங்க வேண்டியதில்லை அல்லவா?

பல வகைப் பவளங்களைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டினாலே புதுப் பவளமாக வளர்கின்றன. அப்படித் தொட்டியிலேயே வளர்த்த துண்டை வாங்கினால் பெரிய பவளம் வாங்கும் செலவு மிஞ்சும். கடலிலிருந்து ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம். காஸின் காலத்தில் இந்த வழி தெரிந்திருந்தால், அவர் நேசித்த பாறைக் குழிகள் பிழைத்திருக்கும். ஒரு தொட்டிக்குள் உயிர்களைச் சமநிலையில் வைப்பது எப்படி என்பதை அவர் உலகுக்குக் கற்பித்தார். கரையிலும் அதே சமநிலை உண்டு, அதையும் காக்க வேண்டும் என்பதை அவர் வாழ்க்கையின் துயரம் கற்பிக்கிறது.