எண்ணும் எழுத்தும் ஏந்திய அறிஞர்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது நம் மரபு. அவ்விரு கண்களாலும் தம் மக்களின் துயரை நோக்கியவர் பேரறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் 1868ஆம் ஆண்டு பிறந்தார். அந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்போது ஈராண்டுகளே கடந்திருந்தன. ஃபிஸ்க், ஹார்வர்ட், பெர்லின் பல்கலைக்கழகங்களில் பயின்ற அவர், 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார்.

இனவெறுப்பு அறியாமையிலிருந்து பிறப்பது. உண்மையை முறையாகத் திரட்டி முன்வைத்தால் அது நீங்கும் என இளமையில் அவர் நம்பினார். 1896ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாம் வட்டத்தில் களப்பணி தொடங்கினார். வீடு வீடாகச் சென்று தொழில், வாடகை, கல்வி, உடல்நலம் அனைத்தையும் கேட்டுக் குறித்தார். கறுப்பினத்தவரின் வறுமைக்குப் பிறவிக் குறை காரணமன்று. அடிமை வாழ்வின் எச்சமும் மறுக்கப்பட்ட வேலைகளுமே காரணம் என அந்த ஆய்வு நிறுவியது.

அந்நூல் வெளிவந்த 1899ஆம் ஆண்டே அவருடைய நம்பிக்கையைச் சோதித்தது. அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியின் வழக்கில் நிதானம் வேண்டி எழுதிய கடிதத்துடன் நாளிதழ் அலுவலகம் நோக்கி நடந்தார். வெறிக்கும்பல் ஹோஸை எரித்துக் கொன்றுவிட்டது என்றும், அவருடைய விரல்மூட்டுகள் அத்தெருக் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்றும் வழியிலேயே அறிந்தார். கடிதத்தைக் கொடுக்காமலே திரும்பினார். அடுத்த மாதம், இரண்டு வயது நிரம்பாத தம் மகனைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தார்.

புள்ளிவிவரம் மட்டும் போதாது என அவர் உணர்ந்தார். 1903இல் வெளியிட்ட ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் நூலில் வரலாற்றையும் ஆய்வையும் மகனுக்கான இரங்கலையும் ஒருங்கே வைத்தார். அடிமைகளின் துயரப் பாடல்களுக்குரிய இசைக்குறிப்புகளை இயல்களின் முகப்பில் பொறித்தார். 1910இல் ‘கிரைசிஸ்’ இதழைத் தொடங்கி இருபத்து நான்கு ஆண்டுகள் நடத்தினார். இளங்கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதை 1921இல் அவ்விதழில்தான் ஒளி கண்டது.

ஆயினும் ஆய்வை அவர் கைவிடவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலம் கறுப்பினத்தவரின் தகுதியின்மையால் வீழ்ந்தது என்ற கருத்தே அன்றைய வரலாற்று நூல்களில் மேலோங்கியிருந்தது. அம்மக்கள் தம் விடுதலைக்குத் தாமே போராடியதையும், தென்மாநிலங்களில் பொதுப்பள்ளிகள் பரவ உழைத்ததையும் 1935ஆம் ஆண்டு நூலில் அவர் விரித்துரைத்தார். அன்று பலர் புறக்கணித்த அக்கருத்தைப் பிற்கால வரலாற்றறிஞர் ஏற்றனர். 1946இல் அண்ணல் அம்பேத்கர் அவருக்கு மடல் எழுதினார். கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படியை வேண்டிய மடல் அது.

1961இல் கானா நாடு சென்று ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியப் பணியில் ஈடுபட்ட டு பாய்ஸ், 1963 ஆகஸ்டு 27ஆம் நாள் அக்ரா நகரில் தம் 95ஆம் வயதில் மறைந்தார். மறுநாள் வாஷிங்டனில் குடியுரிமைப் பேரணிக்குத் திரண்ட இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அச்செய்தியை மேடையிலிருந்து கேட்டனர்.

கவிதை புனையும் நமக்கு அவர் வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. பிறர் துயரைப் பாடுமுன் அவர்தம் வீட்டுக் கதவைத் தட்டி, வாடகை என்ன, நோய் என்ன என்று கேட்டறிய வேண்டும்.