கல்லெறிந்தவன் வயலில் கதிர் அறுத்த சாது



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகும், அன்னூர் பக்கத்து விசுவாசி ஒருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பொதுக் கிணறு. பங்காளிகள் இவருடைய முறைத் தண்ணீரை விடுவதில்லை. இரட்சிக்கப்பட்ட நாளிலிருந்து நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவதும் கிடையாது. போதாததற்கு மோட்டார் ஒயரையும் யாரோ அறுத்துப் போட்டு விட்டார்கள். எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பது, நானும் ஒரு ராத்திரி போய் அவர்கள் ஒயரை அறுத்தால் என்ன என்று கேட்டார். நான் வசனம் சொல்லவில்லை. வசனம் அவருக்கே தெரியும். சாது சுந்தர் சிங்கின் ஜீவியத்தைச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாது வடநாட்டுக்காரர் என்றாலும் நம்ம கோயம்புத்தூருக்கு அந்நியர் அல்ல. இங்கே சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் முதல் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி ஐயா அவரை நேரில் அறிந்தவர். இன்னொருவரோடு சேர்ந்து 1921-ல் சாதுவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 1958-ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

சுந்தர் 1889 செப்டம்பர் 3-ந் தேதி பஞ்சாபில் ராம்பூர் என்ற ஊரில் பிறந்தார். நிலபுலன் உள்ள சீக்கியக் குடும்பம். தகப்பனார் ஷேர் சிங் ஊரில் பெரிய மனுஷர். தாயார் பக்தியுள்ள அம்மாள், 1902-ல் இறந்துபோனார். அந்த துக்கத்தில் பையனுக்குக் கிறிஸ்தவர்கள் மேல் கோபம் அதிகமானது. பிரசங்கிக்க வந்தவர்கள் மேல் கல்லெறிந்தான். 1904 டிசம்பரில் சுவிசேஷப் புத்தகத்தைக் கிழித்து நெருப்பில் போட்டான். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்கு மூன்றாம் நாள் விடியற்காலையில், சமாதானம் கிடைக்காவிட்டால் ரயிலில் விழுந்து செத்துவிடுவது என்று ஜெபித்துக்கொண்டிருந்தவருக்கு ஆண்டவர் தரிசனமானார். அன்றிலிருந்து வீட்டில் போராட்டம். சித்தப்பா தன் பொக்கிஷ அறைக்குக் கூட்டிப்போய், தலைப்பாகையைக் கழற்றிக் காலடியில் வைத்துக் கெஞ்சினாராம். பையன் அசையவில்லை. தன் நீண்ட கூந்தலைக் கத்தரித்துக்கொண்ட பிறகு தகப்பனார் வீட்டை விட்டே துரத்தினார். போகும்போது கொடுத்த சாப்பாட்டில் விஷம் கலந்திருந்தது. ரயிலில் வழியிலேயே வயிறு எரிந்து, ரூப்பர் என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்த போதகர் வீட்டில் போய் விழுந்தார். வைத்தியர் கைவிட்டார். கர்த்தர் கைவிடவில்லை. 1905-ல் தன் பிறந்தநாளிலேயே சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, சில வாரங்களில் காவி வஸ்திரம் உடுத்திக்கொண்டு வெறுங்காலோடு ஊழியத்துக்குப் புறப்பட்டார். வயது பதினாறு.

விஷம் வைத்த வீடு. நாமாக இருந்தால் அந்தத் தெருப்பக்கமே போவோமா? அவர் பிற்பாடு ஒரு தரம் தகப்பனாரைப் பார்க்கப் போனார். உள்ளே விடவே தயங்கின தகப்பனார், கடைசியில் ஒரு ராத்திரி தங்கச் சம்மதித்தார். ஆனால் தீண்டத்தகாதவனைப் போலத் தள்ளி உட்கார வைத்து, பாத்திரத்தைத் தொடவிடாமல் தூக்கிப் பிடித்துக் கையில் தண்ணீர் ஊற்றினார்கள். பெற்ற தகப்பன் கையால் இப்படி. சுந்தருக்குக் கண்ணீர் அடக்க முடியவில்லை. ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, தகப்பனாருக்காக ஜெபிக்கிறதை விடாமல் தன் வழியே போனார்.

இன்னொரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஆட்கள் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சாது வயலோரம் நின்று சுவிசேஷம் சொன்னார். வேலை நேரத்தில் இது என்ன என்று வைதார்கள். ஒருவன் கல்லை எடுத்து அவர் தலையைப் பார்த்து எறிந்தான். கொஞ்ச நேரத்தில் கல்லெறிந்தவனுக்கே தலைவலி வந்து, அரிவாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். பார்த்தாயா, கர்த்தர் கொடுத்தார் தண்டனை என்று நம்மில் பலர் சாட்சியே சொல்லியிருப்போம்! சாது குனிந்து அந்த அரிவாளை எடுத்தார். அவன் இடத்தில் நின்று கதிர் அறுக்க ஆரம்பித்தார். அறுப்பு நேரத்தில் ஒரு ஆள் குறைந்தால் என்ன கஷ்டம் என்று நம்ம கொங்குச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் அவர்களே அவரை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். காலையில் கேட்க மறுத்த சுவிசேஷத்தை உட்கார்ந்து கேட்டார்கள்.

கல்லெறிந்தவன் மேல் அவருக்கு ஏன் கோபம் வரவில்லை? அவரும் கல்லெறிந்த கைக்காரர்தானே. எறிகிறவன் மனசுக்குள் என்ன எரியும் என்று அவருக்குத் தெரியும்.

இதைச் சொன்னபோது அன்னூர் சகோதரர் ஒன்று கேட்டார். அப்படியானால் தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட வேண்டுமா? இல்லீங்க. முறைத் தண்ணீருக்காக ஊர்ப் பெரியவர்களிடம் பேசலாம், தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். ராத்திரியில் ஒயரை அறுப்பது வேறு. பங்காளி வீட்டில் ஆள் படுத்துவிட்டால் அவர் வயலுக்கும் சேர்த்துத் தண்ணீர் கட்டிவிடுவது அதைவிட வேறு.

சாது 1918-ல் தென்னாட்டுக்கு வந்தார். சென்னை, திருவிதாங்கூர், இலங்கை எங்கும் ஜனங்கள் திரளாகக் கூடினார்கள். தேசமெல்லாம் கேட்ட அந்தச் சத்தத்தை ராம்பூர் வீடு மட்டும் கேட்கவில்லை. துரத்தப்பட்டுப் பதினாலு வருஷம் ஆகியும் அந்த ஜெபத்துக்குப் பதில் இல்லை.

1919-ல் மறுபடியும் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை தகப்பனார் தண்ணீரைத் தூக்கி ஊற்றவில்லை. தானும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். என் கண்ணைத் திறந்தது நீதான், ஆகவே நீயே ஞானஸ்நானம் கொடு என்று மகனிடமே கேட்டார். ஞானஸ்நானம் கொடுப்பது தன் ஊழியம் அல்ல என்று சாது அதை மற்ற ஊழியர்களுக்கு விட்டுவிட்டார். பிறகு, மகன் மேல்நாடுகளில் சாட்சி சொல்லப் போக ஆசைப்படுவதை அறிந்து, கப்பல் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். வெறுங்கையாய் மகனைத் துரத்தின அதே ஷேர் சிங் கொடுத்த பணத்தில்தான், 1920-ல் சாது இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.