பலகணியைத் திறந்த கலைஞர்

அச்சத்தையே கலையாக்கிய அல்பிரட் ஹிச்கொக் 1899 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13 ஆந் திகதி இலண்டனையடுத்த லேற்றன்ஸ்ரோனில், மரக்கறி வணிகர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். யேசுசபைக் குருமாரிடம் கல்வி பயின்றார். 1920 இல் மௌனப் படங்களுக்கு எழுத்தட்டை வரைபவராகப் படத்தொழிலிற் புகுந்த அவர், பின்னர் நெறியாளராய்ப் புகழெய்தி, 1939 இல் அமெரிக்கா சென்றார்.

1954 இல் அவர் அளித்த 'றியர் விண்டோ' என்னும் படம், கோணெல் வூல்றிச் 1942 இல் வெளியிட்ட சிறுகதையைத் தழுவியது. கால் முறிந்து சக்கர நாற்காலியில் அடைபட்ட புகைப்படக்காரன், பின்முற்றத்து வீடுகளைப் பார்த்துப் பொழுதுபோக்குகிறான். அங்கே ஒரு கொலை நிகழ்ந்ததென ஐயுறுகிறான். கமெரா பெரும்பாலும் அவன் அறையை விட்டகலாமையால், நாமும் அவனுடனிருந்தே பார்க்கிறோம். படத்தின் கவர்ச்சியும் உறுத்தலும் அதுவே. நாயை இழந்த பெண்ணொருத்தி அன்பற்ற அயலாரை நோக்கிக் கதறும்போது, வேடிக்கை பார்த்த நாமும் நாணுகிறோம். கொலையாளியைத் தேடிய கண்கள், தனிமையால் உயிர்விடத் துணிந்த வேறொருத்தியைக் கடைசி வேளையிலேதான் காண்கின்றன.

சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் பரிசுக்கு ஐந்து முறை பெயர் குறிக்கப்பட்டும், அது அவருக்குக் கிட்டவில்லை. 1980 ஏப்ரல் 29 இல் மறைந்தார். அயலார் துயரைக் காண்பதோடு நில்லாது, அவர்க்குத் துணை நிற்கவும் நாம் கற்போமாக.